சமாதானச் சேனாதிபதி திம்மையா

போரிலே வெற்றி கொண்ட சேனாதிபதிகளைச் சரித்திரம் மறப்பதில்லை. அவர்தம் பெயரால் நகரங்களும் வீதிகளும் விளங்குகின்றன. இரு பகைவர்க்கு இடையே நின்று போர் மூளாது காத்தவர்களையோ அது எளிதில் நினைவு கூர்வதில்லை. மூண்ட போரைக் கண்ணாற் காணலாம்; மூளாது தடுக்கப்பட்ட போரைக் காண்பார் யாருமிலர். அத்தகைய பணியிலே வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டு, அப்பணியில் இருக்கும்போதே உயிர் நீத்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரிலே வாசகர்முன் வைக்கின்றோம். அவர்தாம் இந்தியத் தரைப்படையின் தளபதியாக விளங்கிய ஜெனரல் திம்மையா.

சமாதானம் காக்கவென வந்த படையொன்றை 1987 முதல் 1990 வரை தம் ஒழுங்கைகளிலே கண்டவர்கள் சண்டிலிப்பாய் மக்கள். அப்பணி எத்துணைக் கடினமானது, எவ்விடத்தில் நிலைபெறும், எவ்விடத்தில் வழுக்கும் என்பதை அறிய விரும்புவோர்க்குத் திம்மையாவின் வாழ்க்கை ஒரு பாடநூலாகும்.

பிறப்பும் கல்வியும்

கொடந்தேர சுப்பையா திம்மையா 1906 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே குடகு நாட்டின் மடிக்கேரியிற் பிறந்தார். குடகர் வில்லும் வாளும் போற்றும் மரபினர். திம்மையாவின் குடும்பத்தாரோ காப்பித் தோட்டச் செல்வர். இளமையில் நீலகிரியின் குன்னூரிலுள்ள புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்பு பெங்களூர் பிஷப் கொற்றன் பாடசாலையிலும் அவர் கல்வி பயின்றார். அதன்பின் தேராதூன் இராணுவக் கல்லூரியிற் சேர்ந்து, அங்கிருந்து இங்கிலாந்தின் சாண்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரிக்குச் சென்று, 1926 பெப்ரவரியில் அதிகாரப் பதவி பெற்றார்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே இந்தியர் ஒருவர் அதிகாரியாவது அரிதாயிருந்த காலம் அது. அந்நிய அரசின் சீருடையை அணிந்துகொண்டே தம் நாட்டின் விடுதலை வேட்கையை உள்ளத்திற் சுமந்தவர் அந்தத் தலைமுறையினர். இரு பக்கத்தாராலும் ஐயுறப்பட்டும் தம் கடமையினின்றும் வழுவாது நிற்கும் பயிற்சியை அவர்கள் அப்போதே பெற்றுவிட்டனர் எனலாம்.

1935 இற் குவெட்டா நகரைப் பூகம்பம் அழித்தபோது திம்மையாவும் அவர் துணைவியார் நீனாவும் இடிபாடுகளிடையே நின்று மீட்புத் தொண்டு புரிந்தனர். அதற்கடுத்த ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படைக்கு அதிகாரியாக நியமனம் பெற்று, கல்லூரி மாணவர்க்கு இராணுவ ஒழுக்கம் பயிற்றினார். அக்காலத்திற் சென்னைக் கல்லூரிகளிற் பயின்ற இளைஞர் பலர் அவருடைய கட்டளைக்கு அடிபெயர்த்து நடந்தனர்.

போர்க்களத்தில்

இரண்டாம் உலக மகாயுத்தத்திலே பர்மாவின் அரக்கான் கரையிற் பட்டாளமொன்றை நடத்திய திம்மையா, கங்கோ என்னுமிடத்தில் 1945 ஜனவரியில் நிகழ்ந்த கடும்போரிலே பங்குபற்றினார். தோரட், சென், திம்மையா ஆகிய இந்தியர் மூவர் அங்கே தத்தம் பட்டாளங்களுக்குத் தலைமை தாங்கினர். மூவருமே உயர்ந்த வீர விருது பெற்றனர். அவ்வாண்டிலேயே போர்க்களத்திற் காலாட்படைப் பிரிகேட் ஒன்றை நடத்திய முதல் இந்தியர் என்னும் பெருமையும் திம்மையாவுக்கு வாய்த்தது.

1948 நவம்பர் 1 ஆந் திகதி காஷ்மீரத்தின் சோஜி கணவாயிலே அவர் ஈட்டிய வெற்றி இராணுவ நூல்களில் இடம்பெற்றது. பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, கோவேறு கழுதைகள் செல்லும் தடத்தைத் தாங்கிகள் செல்லும் பாதையாக்கி, பகைவர் எதிர்பாராத வேளையில் அவற்றைக் கொண்டு சென்று கணவாயைக் கைப்பற்றினார். அப்பாதையை வெட்டிக் கொடுத்தவர்கள் தமிழர் பலர் சேவை செய்த சென்னைப் பொறியியற் படையினர்.

இவ்வெற்றிகள் போற்றத்தக்கனவே. ஆயினும் நாம் எடுத்துரைக்க விரும்புவது வெற்றி என்னும் சொல்லுக்கே இடமில்லாத களங்களில் அவர் ஆற்றிய பணியையாகும்.

பஞ்சாப் புகட்டிய பாடம்

1947 இற் பாரத நாடு இரண்டாகப் பிளவுபட்டபோது, பஞ்சாபின் 12 மாவட்டங்களில் அமைதி காக்க ஓகஸ்ட் மாதத்தொடக்கத்தில் எல்லைப் படை ஒன்று அமைக்கப்பட்டது. ஆங்கிலத் தளபதி றீஸ் அதற்குத் தலைவர். இந்தியாவின் சார்பில் ஆலோசகராயிருந்தவர்களுள் ஒருவர் திம்மையா. பாகிஸ்தான் சார்பிலிருந்தவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் அந்நாட்டின் அதிபராகிய அயூப்கான்.

படையிலே இந்துக்களும் சீக்கியரும் முஸ்லிம்களும் கலந்திருந்தனர். அதுவே அதன் பலம் எனக் கருதப்பட்டது. ஆனால் அப்படையினரின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அதே கிராமங்களில் வெட்டுண்டு கொண்டிருந்தனர். படைப்பிரிவுகளும் இரு நாடுகளுக்கெனப் பங்கிடப்பட்டுக் கொண்டிருந்தன. தன் வீடு தீப்பற்றி எரிய, அயலானின் வீட்டைக் காத்து நிற்குமாறு ஒரு போர்வீரனிடம் எவ்வளவு காலம் கேட்க முடியும்? இரு நாட்டுத் தலைவர்களும் படையிடத்து நம்பிக்கை இழந்தனர். ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே, செப்ரெம்பர் தொடக்கத்திலே, அது கலைக்கப்பட்டது.

நடுநிற்பவனுக்குப் படைப்பலம் இருந்தாற் போதாது. இருபாலாரின் சம்மதமும் நம்பிக்கையும் வேண்டும். தன் வீரர் நெஞ்சிலே பக்கச்சார்பு புகாதிருத்தலும் வேண்டும். இவை இல்லாதபோது நேர்வது என்ன என்பதைத் திம்மையா தம் நாட்டு மக்களின் இரத்தத்திலே கண்டார்.

கொரியாவில் நடுவராக

1950 இல் மூண்ட கொரிய யுத்தம் 1953 யூலை 27 இல் ஓய்ந்தது. சமாதானப் பேச்சை நெடுங்காலம் தடைசெய்தது போர்க் கைதிகள் பற்றிய பிரச்சினையே. ஐக்கிய நாடுகள் படையிடம் சிறைப்பட்டிருந்த வட கொரியரிலும் சீனரிலும் 22,604 பேர் தாயகம் மீள மறுப்பதாகச் சொல்லப்பட்டது. மறுபக்கத்திலும் அவ்வாறு மறுத்தோர் 359 பேர் இருந்தனர். இவர்களைப் பொறுப்பேற்று, ஒவ்வொருவரின் விருப்பத்தையும் அறிதற்கு நடுநிலை நாடுகளின் ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. சுவீடனும் சுவிற்சலாந்தும் ஒருபுறம், போலந்தும் செக்கோசுலோவாக்கியாவும் மறுபுறம், தலைமை இந்தியாவுக்கு. அத்தலைமைப் பதவியில் அமர்ந்தவர் லெப்ரினன்ற் ஜெனரல் திம்மையா. காவற்படையை நடத்தியவர் அவருடைய பழைய தோழர் தோரட்.

இடர்கள் முதல் நாளிலேயே தொடங்கின. தென் கொரிய அதிபர் சிங்மன் றீ தம் மண்ணில் இந்தியப் படையினர் காலடி வைக்கலாகாது எனத் தடுத்தார். ஆகவே இஞ்சோன் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து அவர்கள் அனைவரும் ஹெலிகொப்ரர் மூலம் படைவிலக்கப்பட்ட வலயத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். காக்கச் செல்பவன் விருந்தினனாய் வரவேற்கப்படுவான் என எண்ணுதல் பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முகாம்களுக்குள்ளே நிலைமை இன்னும் சிக்கலாயிருந்தது. கம்பிவேலிக்குள் ஒவ்வொரு பகுதியையும் கைதிகளின் தலைவர்கள் சிலர் இறுகப் பிடித்து வைத்திருந்தனர். தாயகம் மீள விரும்புவோன் அதனை வாய்விட்டுச் சொன்னால் அன்றிரவே அவன் உயிருக்கு ஆபத்து. செப்ரெம்பர் மாத இறுதியில் இந்திய மேஜர் ஒருவரைக் கைதிகள் உள்ளே இழுத்துப் பிடித்து வைத்தபோது, தோரட் ஆயுதமின்றி உள்ளே நுழைந்து, அவர்கள் நடுவே அமர்ந்து பேசி அவரை மீட்டு வந்தார். ஆயினும் ஒக்ரோபர் முதல் வாரத்திலே நிலைமை கைமீறியபோது காவலர் துப்பாக்கிப் பிரயோகம் செய்ய நேர்ந்து, கைதிகள் சிலர் மாண்டனர். காவலனாய் வந்தவன் கையில் இரத்தக்கறை படிந்த அந்நாள் திம்மையாவுக்குத் துயர நாளாகவே இருந்திருக்கும்.

கைதிகளுக்கு அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் விளக்கங் கூறுவதற்கெனக் கூடாரங்கள் அமைக்கப்பட்டன. விளக்கங் கேட்டபின் வெளியேற இரு வாயில்கள் இருந்தன: ஒன்று தாயகத்துக்கு, மற்றது மீண்டும் முகாமுக்கு. எளிதாய்த் தோன்றிய இவ்வேற்பாடும் நடைபெறவில்லை. கைதிகள் கூடாரத்துக்கு வர மறுத்தனர்; பிரதிநிதிகளோ ஒவ்வொருவரோடும் மணிக்கணக்காக வாதிட்டனர். 90 நாள் தவணையில் விளக்கம் நிகழ்ந்தவை ஏறக்குறைய 10 நாள்களே.

கைதிகளைப் பலவந்தமாகக் கூடாரத்துக்கு இழுத்து வருமாறு கம்யூனிச நாடுகளின் பக்கத்தார் வற்புறுத்தினர். அவ்வாறு செய்தால் ஆணைக்குழு சிதறும் என மற்றப் பக்கத்தார் எச்சரித்தனர். ஐவர் கொண்ட குழுவிலே இருவர் இருவராகப் பிரிந்து நிற்க, முடிவு திம்மையாவின் ஒரு வாக்கிலே தங்கியது. கைதியைத் தாயகத்துக்கு அனுப்புதற்கோ, அனுப்பாது தடுத்தற்கோ பலத்தைப் பிரயோகித்தலாகாது என்பது ஒப்பந்த விதி. அவர் அவ்விதியையே துலாக்கோலாகக் கொண்டார். அதே வேளையில், கைதித் தலைவர்களின் அச்சுறுத்தலால் மெய்யான விருப்பம் வெளிவரவில்லை என்னும் உண்மையையும் மறைக்காது அறிக்கையிற் பதியச் செய்தார். இதனால் ஒரு பக்கத்தார் அவரைக் கோழையென்றனர். மறுபக்கத்தார் அவரைக் கம்யூனிசச் சார்பினரென்றனர். இருவரும் ஒருங்கே குறை கூறியமையே அவரது நடுநிலைக்கு நற்சான்றாயிற்று.

ஈற்றில் 22,604 பேருள் 628 பேர் தாயகம் மீண்டனர். 21,839 பேர் தம்மை முன்பு வைத்திருந்த பக்கத்தாரிடமே 1954 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டனர். இறந்தோரும் தப்பியோடினோரும் 51 பேர். எந்தப் பக்கமும் செல்ல விரும்பாது நடுநிலை நாடு தேடியோர், மறுபக்க முகாமிலிருந்து வந்த இருவரோடும் 88 பேராவர். இவர்கள் இந்தியப் படையினருடன் கப்பலேறி, பெப்ரவரியிலே சென்னைத் துறைமுகம் சேர்ந்தனர். தாய்நாடும் வேண்டா, பகைநாடும் வேண்டா என அந்நிய மண்ணில் வந்திறங்கிய அந்த 88 பேரையும் எண்ணிப் பார்க்குங்கால், போரொன்றின் கணக்கு போர் ஓய்ந்த நாளோடு முடிவதில்லை என்பது புலனாகும். இந்திய அரசு அவ்வாண்டிலே திம்மையாவுக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. இப்பணி பற்றி அவர் எழுதிய நூல் அவர் காலத்தின்பின் 1981 இலேயே வெளிவந்தது.

தரைப்படைத் தளபதி

1957 மே மாதத்தில் இந்தியத் தரைப்படையின் தலைமைப் பதவியை ஏற்ற திம்மையா, 1961 மே மாதம் வரை அதனை வகித்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ணமேனனோடு பிணக்குற்று 1959 இற் பதவி துறக்க எண்ணிக் கடிதம் கொடுத்ததும், பிரதமர் நேருவின் வேண்டுகோளால் அதனை மீட்டுக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. காசாவில் நின்ற ஐக்கிய நாடுகள் படைக்கு இந்திய வீரரை அனுப்பி வந்ததும், 1961 இற் கொங்கோ நாட்டுக்குப் பிரிகேட் ஒன்றை அனுப்பியதும் அவர் தலைமையிலிருந்த காலத்து நிகழ்ச்சிகளாம்.

சைப்பிரஸ் தீவில்

ஓய்வு பெற்று இல்லத்தில் அமர்ந்திருந்தவரை உலகம் மீண்டும் அழைத்தது. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவு 1960 இற் பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது. மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கிரேக்கர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் துருக்கியர். அரசியலமைப்பு பற்றிய பிணக்கு முற்றி, 1963 டிசெம்பரில் இரு இனத்தாரும் ஆயுதம் தூக்கினர். தலைநகராகிய நிக்கோசியாவிலே பிரித்தானியத் தளபதி ஒருவர் வரைபடத்திற் பச்சைப் பென்சிலாற் கோடு கீறி இரு பகுதியாரையும் பிரித்தார். அக்கோடு பின்பு அழியவில்லை.

1964 மார்ச் 4 இற் பாதுகாப்புச் சபையின் 186 ஆம் தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் படை அங்கே சென்றது. முதற்றளபதியும் இந்தியரே, அவர் பெயர் கியானி. யூலை மாதத்தில் அவருக்குப்பின் திம்மையா பொறுப்பேற்றார். பிரித்தானியர், கனடியர், அயர்லாந்தர், சுவீடர், டேனியர், பின்லாந்தர் ஆகியோர் அடங்கிய ஏறக்குறைய ஆறாயிரவர் அவர் கீழ் நின்றனர்.

பொறுப்பேற்று ஒரு மாதமாகுமுன் சோதனை வந்தது. தீவின் வடமேற்கே கொக்கினா என்னும் கரையோரத் துருக்கியக் கிராமத்தை ஓகஸ்ட் மாதத்திற் கிரேக்கப் படையினர் தாக்கினர். துருக்கி நாட்டு விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. இடையே நின்ற ஐக்கிய நாடுகள் காவலர் சிலரே. பாதுகாப்புச் சபையின் அழைப்பினால் யுத்தம் ஓய்ந்த பின்னரே அவர்கள் தம் பணியைத் தொடர முடிந்தது. பெரும்போருக்குத் துணிந்தவர்களைத் தடுக்குமளவுக்கு அப்படைக்குப் பலமும் இல்லை, அதிகாரமும் இல்லை என்பது அன்று வெளிப்படையாயிற்று. தற்காப்புக்கன்றி அவர்கள் துப்பாக்கியை நீட்டலாகாது. அவர்களின் தவணையோ மும்மாதத்துக்கு ஒருமுறை நீட்டப்படுவது. செலவோ நாடுகள் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையால் நடப்பது. அடுத்த மூன்று மாதம் படை இருக்குமோ இல்லையோ என்னும் ஐயத்தோடேயே தளபதி திட்டந் தீட்ட வேண்டியிருந்தது.

இந்நிலையிலே பொறுமையே திம்மையாவின் ஆயுதமாயிற்று. நிக்கோசியாவிலிருந்து வடக்கே கிறீனியாத் துறைமுகத்துக்குச் செல்லும் பெருவீதி துருக்கியர் கையிலிருந்தமையாற் கிரேக்கர்க்கு அடைபட்டிருந்தது. 1964 ஒக்ரோபர் இறுதியில் அவ்வீதி ஐக்கிய நாடுகள் படையின் பொறுப்பில் வந்தது. படையினரன்றி வேறெவரும் ஆயுதத்தோடு அதிற் செல்லலாகாது. கிரேக்கரின் வாகனங்கள் குறித்த வேளையிற் படையினரின் காவலோடு வரிசையாகச் செல்லலாம். பத்தாண்டுகள் வரை இவ்வொழுங்கு நீடித்தது. எல்லைப்புற வயல்களில் உழவர் விளைவை அறுத்துக்கொள்ளப் படையினர் காவல் நின்றனர். மணல் மூட்டை அடுக்கிய அரண்கள் ஒவ்வோர் அடியாக முன்னேறாதபடி நாள்தோறும் அளந்து பார்த்தனர்; காவலரண் ஒன்றைப் பின்னகர்த்தப் பலநாட் பேசினர். பத்திரிகைகளிலே தலைப்பெடுக்காத இச்சிறு காரியங்களாலேயே பல உயிர்கள் காக்கப்பட்டன.

ஆயினும் படை காத்தது அமைதியை. சமாதானத்தை உண்டாக்குவது அரசியலாரின் கடன். ஐக்கிய நாடுகள் சபையின் நடுவர் காலோ பிளாசா 1965 மார்ச்சிற் கொடுத்த அறிக்கையைத் துருக்கி ஏற்க மறுத்தமையால் அம்முயற்சி முறிந்தது. வாளுறையை மூடிக் காத்து நிற்கலாம். வாளை விடுமாறு மனத்தை மாற்றுதல் காவலனால் ஆவதன்று.

1965 டிசெம்பர் மாதத்தில், பணியிலிருந்த வேளையிலேயே மாரடைப்பினால் நிக்கோசியாவிலே திம்மையா இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 59. இரு இனத்தாரும் அவரது மறைவுக்கு வருந்தினர். அவரது உடல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது. 1966 இற் சைப்பிரஸ் அரசு அவர் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளியிட்டது. பிறநாட்டுப் படைத்தலைவர் ஒருவருக்கு, அவர் நடுவராய் நின்று காத்த நாடு முத்திரை வெளியிடுதல் எளிதிற் கிட்டும் பேறன்று. ஆயினும் 1974 இற் துருக்கிப் படைகள் தீவில் இறங்கின, தீவு இரண்டாயிற்று, அறுபது ஆண்டுகள் கடந்தும் ஐக்கிய நாடுகள் படை அங்கிருந்து நீங்க முடியவில்லை.

நம் மண்ணும் இவ்வரலாறும்

திம்மையா மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளின்பின், அவர் தலைமை தாங்கிய அதே இந்தியத் தரைப்படை சமாதானப் பெயரோடு நம் குடாநாட்டில் இறங்கியது. 1987 யூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். மறுநாளே படையினர் பலாலியில் வந்திறங்கினர். மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஆனால் ஒக்ரோபர் 10 இற் போர் மூண்டது. அம்மாதம் 21 ஆந் திகதி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் உயிரிழந்தனர். நவம்பர் 25 இல் நம் அயற் கிராமமாகிய கந்தரோடையிலே மேஜர் பரமேஸ்வரன் என்னும் இந்திய அதிகாரி போரில் மாண்டார். அவரும் தமிழ் பேசும் குடும்பத்தில் வந்தவர். 1990 மார்ச் 24 இற் கடைசி வீரர் திருகோணமலையிலிருந்து கப்பலேறும்வரை மடிந்த இந்திய வீரர் 1,100 பேருக்கு மேல். மடிந்த நம்மவரோ அதனினும் பலர்.

கொரியாவிலே நடுநிலை காத்த படைக்கு நம் மண்ணில் இவ்வாறு நேர்ந்தது ஏன்? திம்மையாவின் வாழ்க்கையை ஊன்றிக் கற்போர்க்கு விடை எட்டாததன்று. சைப்பிரசிலே படையை அனுப்பியது உலகச் சபை. இங்கே ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட நாடே படையையும் அனுப்பியது. கையில் ஆயுதம் ஏந்தியிருந்த போராளிகள் அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிட்டோர் அல்லர். கொரியாவிலே பலத்தைப் பிரயோகித்தலாகாது என விதி இருந்தது. இங்கே ஆயுதங்களைக் களைவது படையின் கடமையாக்கப்பட்டது. இணங்காதவனிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கப் புகுந்த கணத்திலே நடுவன் நடுவனாக இருத்தல் ஒழிந்து, போரிலே மூன்றாவது கட்சியாகிவிடுகின்றான். வீரர்களின் துணிவோ துணிவின்மையோ இதற்குக் காரணமன்று. அவர்களை அனுப்பியோர் அவர்கள்மீது சுமத்திய பணியே இரண்டுபட்டதாக இருந்தது.

இவ்வாறு கூறுவதால் ஐக்கிய நாடுகள் படை குறைகளில்லாதது என்று யாரும் கருத வேண்டா. கொரியாவிலே கைதிகளின் மெய்விருப்பத்தை நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவினாலும் முழுதும் அறிய முடியவில்லை. சைப்பிரசில் அமைதி உறைந்து கிடந்ததேயன்றிச் சமாதானம் மலரவில்லை. ஆயினும், இருதிறத்தாரின் சம்மதம், பக்கஞ்சாராமை, பலத்தை அடக்கி வைத்தல், அவற்றின்மேல் அளவிறந்த பொறுமை ஆகியவை இருக்குமிடத்தில் மக்கள் வயலை அறுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் பள்ளி செல்லலாம், அடுத்த நாளை எண்ணிப் பார்க்கலாம் என்பதை அவர் வாழ்க்கை நிலைநாட்டியது. போரிலே அகப்பட்ட மக்களுக்கு அது சிறிய நன்மையன்று என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

கல்லூரியிலே இன்று கற்கும் மாணவர் நாளை வழக்கறிஞராகவும் அரச அலுவலராகவும் ஆசிரியராகவும் பணிபுரிவர். ஊர்ப்பிணக்கோ, கோயில் வழக்கோ, நாட்டின் பெரும் பிரச்சினையோ, ஏதோவொன்றில் இரு பக்கத்தார்க்கு நடுவே நிற்க வேண்டிய நாள் அவர்களுக்கும் வரும். அன்று இரு பக்கத்தாரும் தம்மைக் குறை கூறுவர் என்பதை முன்னறிந்தே அவ்விடத்தில் நிற்பதற்குரிய நெஞ்சுரம் அவர்க்கு வேண்டும். சோஜி கணவாயில் வென்ற திம்மையாவைச் சரித்திரம் போற்றுக. கொரியாவிலும் சைப்பிரசிலும் நடுவராய் நின்ற திம்மையாவை நம் மாணவர் தம் உள்ளத்தில் இருத்துக.